பொன்வண்டு நிறச் சிப்பாய்

காலை நீட்டு. போர்வை வேணாமா? சரி, வயித்து மேலயாவது போட்டுக்கோ, ஃபேன் காத்து வயித்துல படக்கூடாது. தண்ணி குடிச்சியா? ஒண்ணுக்குப் போனியா? கதை நடுவுல எழுந்திரிச்சா நான் மறுபடி முதல்ல இருந்து சொல்ல மாட்டேன், சாரு, இப்பவே சொல்லிட்டேன். உங்க அம்மா ராத்திரி வேலை முடிஞ்சு காலையில வந்துடுவா. வந்து, "அக்கா, புள்ள தூங்கினாளா?"ன்னு என்னைத்தான் கேப்பா. உன்னைக் கேக்க மாட்டா. அதனால பெரியம்மா சொல்றதைக் கேட்டு ஒழுங்கா ம் கொட்டு. ம் நின்னுச்சுன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு நானும் நிறுத்திடுவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு வர்ணக்காரி. அவ பேரு அஞ்சலாட்சி. அவ வீட்டுக்காரர் பேரு குப்புலிங்கம். அவரு ஏரி மண்ணைப் பிசைஞ்சு, சின்னச் சின்னதா பொம்மை பண்ணி, சூளையில சுட்டு வெப்பாரு. அப்புறம் அஞ்சலாட்சி அதுக்கு வர்ணம் அடிப்பா. பொம்மை ஒவ்வொண்ணும் கட்டைவிரல் உசரம்தான். உன் கட்டைவிரல் இல்ல, என் கட்டைவிரல். ஆமா, இதான். பிடிச்சுப் பாத்துட்டு விட்டுடு.

அவ்ளோ சின்னப் பொம்மைக்கு வர்ணம் அடிக்கணும்னா பிரஷ் எவ்ளோ சின்னதா இருக்கணும்? அணில் வால் முடியில நாலஞ்சு எடுத்து ஈர்க்குச்சி நுனியில கட்டி வெச்சிருப்பா.

"அணிலுக்கு வலிக்காதா பெரியம்மா?"

வலிக்காது. அதுவா உதிர்ந்த முடி. நீ கேப்பன்னு தெரிஞ்சுதான் உதிர்ந்ததை எடுத்தா.

அந்தத் தெரு முழுக்க பொம்மை வேலைதான். அந்தத் தெருவுல ஒரு வழக்கம் உண்டு. தலைப்பாகை, சட்டை, செருப்பு எல்லாம் அடிச்சு முடிச்சு, எல்லாம் காய்ஞ்ச அப்புறம், கடைசியாத்தான் கண்ணு வெப்பாங்க. ஏன்னா கண்ணு வெச்சுட்டா பொம்மை பாத்துடும். அரைகுறையா நிக்கும்போது கண்ணைத் தொறந்தா, தன்னைத் தானே பாத்து, அதுக்கு ஒரு மாதிரி ஆயிடும். உனக்குத் தலை சீவுற நடுவுல யாராவது வந்தா நீ உள்ள ஓடுற இல்ல, அந்த மாதிரி.

"ம்."

அப்போ அந்த ஊர் ராஜாவுக்கு ஒரு பொண்ணு. பூரணின்னு பேரு. உன் வயசு. அவ ஒரு பொன்வண்டு வளத்தா. சின்ன மரப்பெட்டியில கொடுக்காப்புளி இலை போட்டு, அதுல வெச்சிருந்தா. பச்சைன்னா பச்சை, அப்படி ஒரு பச்சை. இரும்புல பச்சை ஊத்தின மாதிரி பளபளன்னு மின்னும். இப்படித் திருப்பினா பச்சை, அப்படித் திருப்பினா நீலம். தூங்கும்போது பெட்டி தலைமாட்டுல இருக்கும். உள்ள அது சரக் சரக்னு நடக்கும். அந்தச் சத்தத்துல அவ தூங்கிடுவா.

ஒரு நாள் பெட்டியை மூட மறந்துட்டா. அரண்மனைச் சுவத்துல ஒரு பல்லி. அரண்மனைப் பல்லி எப்படி இருக்கும்? நல்லாக் கொழுத்து இருக்கும். ச்சு ச்சு ச்சுன்னு இறங்கி வந்துச்சு.

லபக்.

"பொன்வண்டைத் தின்னுடுச்சா?"

தின்னுடுச்சு. நான் என்ன பண்ணட்டும்? கதையில அப்படித்தான் இருக்கு.

அன்னியில இருந்து பூரணி தூங்கலை. விளக்கை அணைச்சா "பல்லி!"ம்பா. விளக்கை ஏத்தினா "அதோ பல்லி!"ம்பா. பல்லியை விரட்டினா "எங்க போச்சு பல்லி?"ம்பா. அரண்மனையில யாருமே தூங்கலை. பகல்ல ராஜா சிம்மாசனத்துல உக்காந்து கொர் கொர்னு குறட்டை விட்டாரு. மந்திரி நின்னுக்கிட்டே விட்டாரு.

அப்புறம் ராஜா கேட்டாரு, "உனக்கு என்னதாம்மா வேணும்?"

பூரணி சொன்னா, "தலைமாட்டுல நிக்க ஒரு சிப்பாய் வேணும். கட்டைவிரல் உசரம் இருக்கணும். கவசம் போட்டிருக்கணும். கவசம் என் பொன்வண்டு நிறத்துல இருக்கணும்."

"அவ்ளோதானே?"ன்னாரு ராஜா. ராஜாவுக்கு வர்ணம் அடிக்கிற வேலையைப் பத்தி என்ன தெரியும்.

பொம்மைத் தெருவுக்கு ஆள் போச்சு. மொத வீட்டு வர்ணக்காரர் ஒரு சிப்பாய் கொண்டு போனாரு. அது பச்சையா இருந்துச்சு, மின்னலை. அடுத்த வீட்டுக்காரரோடது மின்னுச்சு, பச்சையா இல்ல. அதுக்கு அடுத்த வீட்டுக்காரர் பாதி பச்சை, பாதி மின்னல்னு கொண்டு போனாரு. பூரணி அதையும் பாத்தா. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

அப்போ ராஜா ஒரு சட்டம் போட்டாரு. தூக்கம் இல்லாதவங்க போடுற சட்டம் எப்படி இருக்கும்னு பாரு. "நிறம் தப்பா அடிச்சவங்க யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. பூரணி தூங்குற வரைக்கும் அவ பக்கத்துலயே முக்காலி போட்டு உக்காந்திருக்கணும். அவ தூங்கினா போகலாம்."

அவ எங்க தூங்குறா? அதனால மூணு பேரும் அங்கயே. ஆளுக்கு ஒரு முக்காலி. கண்ணுக்குக் கீழ கரி பூசின மாதிரி கறுப்பு. தலை மட்டும் இப்படி இப்படி ஆடும்.

"ம்."

நாலாவது வீடு அஞ்சலாட்சி வீடு. அரண்மனைக் காவலாளி வந்து வாசல்ல நின்னான். "நாளை மறுநாள் உச்சிக்குள்ள சிப்பாய் வந்தாகணும். உன்னையும் கையோட கூட்டிட்டு வரச் சொல்லி உத்தரவு. முடியுற வரைக்கும் இங்கதான் நிப்பேன்"னான். அவ உடனே திரும்பி வீட்டுக்குள்ள பாத்தா. ஏன் தெரியுமா? அவளுக்கு வீட்டுல கைக்குழந்தை. தூளியில கிடக்கு. அது அஞ்சலாட்சி ஆட்டினாத்தான் தூங்கும். குப்புலிங்கம் ஆட்டினா, அதுவரைக்கும் சும்மா இருந்த புள்ளயும் வீல்னு கத்தும். இவ போய் அரண்மனை முக்காலியில மாட்டிக்கிட்டா, அந்தப் புள்ளைய யார் தூங்க வெக்கிறது?

"எங்கயாவது ஓடிப் போயிடலாமாங்க?"ன்னா புருஷனைப் பாத்து.

"சூளையில பொம்மை இருக்கே"ன்னாரு குப்புலிங்கம்.

அவரு அப்படித்தான். மண்ணு, சூளை, இதைத் தவிர வேற தெரியாது. ஆனா அன்னிக்கு அவரு பண்ணிக் குடுத்த சிப்பாய் இருக்கே, முறுக்கு மீசை, கையில ஈட்டி, மார்ல மீன் செதில் மாதிரி கவசம், அப்படியே அச்சு அசல்.

அப்போ தூளியில பாப்பா அசந்து தூங்குது. அஞ்சலாட்சி கவலைக்காரி. யோசிச்சா. இருக்கிற வேலையிலயே கஷ்டமான வேலை கண்ணு. கடுகுல பாதி. மூச்சை அடக்கிக்கிட்டு வெக்கணும். பாப்பா முழிச்சுக்கிட்டா கை ஆடிடும். கை ஆடினா கண்ணு கோணிடும். கண்ணு கோணினா முக்காலி. அதனால, பாப்பா தூங்குறப்பவே கண்ணை வெச்சுடலாம்னு, பிரஷைத் தொட்டு, பொட்டு, பொட்டுன்னு ரெண்டு கண்ணையும் வெச்சுட்டா.

"கண்ணு கடைசியாத்தானே?"ன்னாரு குப்புலிங்கம்.

"தெரியும். பேசாம இருங்க, பாப்பா முழிச்சுக்கும்."

வெச்சாளா? சிப்பாய் பாத்துட்டான்.

மொதல்ல அவளைப் பாத்தான். அப்புறம் குனிஞ்சு தன்னைப் பாத்தான்.

"ஏம்மா, நான் என்ன வெறும் மண்ணா?"ன்னான்.

அஞ்சலாட்சிக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "இருடா, வர்ணம் அடிக்கப் போறேன்."

"அடிச்சா உள்ள மண்ணு இல்லாம போயிடுமா?"

"இருக்கும். ஆனா வெளியில தெரியாது."

"எனக்குத் தெரியுமே"ன்னான்.

அவ கண்ணைத் துடைச்சுட்டு மறுபடி கடைசியில வெச்சுக்கலாம்னு ஈரத்துணியை எடுத்தா. அவன் அவளையே பாத்துக்கிட்டு இருந்தான். முழிச்ச கண்ணை எப்படித் துடைக்கிறது? துணியைக் கீழ வெச்சுட்டா.

ம் எங்க, சாரு?

"ம். நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேன்."

அதான் எனக்கும் கவலை.

அப்புறம் அஞ்சலாட்சி வேலையை ஆரம்பிச்சா. பச்சைப் பொடி, வெள்ளிப் பொடி, ரெண்டையும் ஒரே கொட்டாங்கச்சியில போட்டு சளக் புளக்னு குழைச்சா. பச்சைக்குப் பச்சையும் ஆச்சு, மின்னலுக்கு மின்னலும் ஆச்சுன்னு நெனச்சா. சிப்பாய்க்கு அடிச்சா. காய்ஞ்சுது. பாத்தா, பச்சையையும் காணோம், மின்னலையும் காணோம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுட்டு மங்கலா நின்னுச்சு.

"எப்படிடா இருக்கே?"

சிப்பாய் கையைத் திருப்பிப் பாத்தான். "பாசி பிடிச்ச குளத்துப் படி மாதிரி இருக்கேன். யாராவது என் மேல வழுக்கி விழப் போறாங்க."

"மண்ணு சரியாத்தான் இருக்கு"ன்னாரு குப்புலிங்கம்.

சொளப்னு தொட்டித் தண்ணியில முக்கி எடுத்தா. "குளுருதும்மா! கண்ணுல தண்ணி போகுதும்மா!" கண்ணை மட்டும் விரலால மூடிக்கிட்டு, கழுவி, வெயில்ல வெச்சா.

ரெண்டாவது தடவை வேற மாதிரி பண்ணினா. மொதல்ல உடம்பு முழுக்கக் கறுப்பு. கறுப்பு மேல வெள்ளிப் பொடி. ஏன் கறுப்புன்னா, கறுப்பு மேலதான் வெள்ளி நல்லா எடுப்பா நிக்கும். தகதகன்னு வந்துச்சு. சிப்பாய் மீசையைத் தடவிக்கிட்டான். "இது நல்லா இருக்கே. இப்படியே விட்டுடேன்"னான்.

"பூரணி பச்சை கேட்டிருக்கா"ன்னு சொல்லி, மேல பச்சையை நல்லா அப்பினா. பட்டையா, பதமா, ஒரு இடம் விடாம அப்பினா. அவ்ளோதான், கீழ இருந்த வெள்ளி கிணத்துல விழுந்த மோதிரம் மாதிரி உள்ளயே போயிடுச்சு.

"இப்போ எப்படிடா இருக்கே?"

"தவளை. கர் கர்னு கத்தட்டுமா?"

"கத்தாத. பாப்பா முழிச்சுக்கும்."

பாப்பா ஏற்கெனவே முழிச்சுக்கிட்டு வீல்னு கத்துச்சு. குப்புலிங்கம் போய்த் தூளியை ஆட்டினாரு. இன்னும் உசத்திக் கத்துச்சு. "மண்ணு சரியாத்தான் இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே ஆட்டினாரு. வாசல்ல இருந்த காவலாளி எட்டிப் பாத்து, "அரண்மனையே தேவலாம் போல இருக்கே"ன்னான்.

அஞ்சலாட்சி புள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டா. அழுகை வந்துச்சு. அழுதா வேலை நடக்குமா? பாத்திரம் எல்லாம் அப்படியே கிடந்துச்சு. சரி, அதையாவது கழுவுவோம்னு கொல்லைப்பக்கம் போய், புள்ளையை மடியில போட்டுக்கிட்டு, ரசம் வெச்ச ஈயச் சொம்பைத் தேய்ச்சா. கவலை வந்தா பாத்திரம் தேய்க்கிறவ அவ. நானும் அப்படித்தான், சிரிக்காத.

சொம்பு வெள்ளை வெளேர்னு ஆச்சு. அப்போ அவ கையில பச்சைக் கண்ணாடி வளையல். அது மணிக்கட்டுல இருந்து சரிஞ்சு, ணிங்னு சொம்பு மேல படிஞ்சுது. அவ பாத்தா. வளையல் படிஞ்ச இடத்துல சொம்பு பச்சையா மின்னுது. வளையலைத் தள்ளினா மறுபடி வெள்ளை. வெச்சா பச்சை. தள்ளினா வெள்ளை.

அப்போ அவளுக்குப் புரிஞ்சுது. உனக்குப் புரிஞ்சுதா?

"ம்... இல்ல."

வளையல் சொம்பை மறைக்கலை. கண்ணாடி இல்லையா, அது வழியா சொம்போட மின்னல் வெளிய வந்துச்சு. வரும்போது பச்சையைப் பூசிக்கிட்டு வந்துச்சு. அப்போ பச்சை எப்படி இருக்கணும்? அப்பி மறைக்கக் கூடாது. கண்ணாடி மாதிரி மேல நிக்கணும். புரிஞ்சுதா? புரியலைன்னா விடு, அஞ்சலாட்சிக்குப் புரிஞ்சுது, அது போதும்.

மண்ணுல கண்ணாடி அடிக்க முடியுமா? முடியாது. அவ வேலம்பிசினை எடுத்து ஊற வெச்சா. கரைஞ்சதும் வெள்ளைத் துணியில வடிகட்டினா. தேன் மாதிரி வந்துச்சு. அதுல பச்சைச் சாயம் ஒரே ஒரு சொட்டு. விரல்ல தொட்டு வெளிச்சத்துல பிடிச்சா வளையல் மாதிரியே இருந்துச்சு.

குப்புலிங்கம் எட்டிப் பாத்தாரு. "பிசினு ஈரத்துல கரையுமே. கைவேர்வை பட்டாலே போயிடும். மேல வார்னிஷ் அடி."

"வார்னிஷ் காய நாளாகும். காவலாளி விடுவானா? தலைமாட்டுல நிக்கத்தானே கேட்டா, கையில வெச்சுக்கிட்டா தூங்கப் போறா?"

அவரு யோசிச்சுட்டு, "மண்ணு கரையாது"ன்னாரு.

மறுபடி கழுவல். சொளப். "குளுருதும்மா!" மறுபடி கறுப்பு. மறுபடி வெள்ளி. அப்புறம் பச்சைப் பிசின், மெல்லிசா, பட்டும் படாம. ஒரு தடவை அடிச்சா ஒண்ணுமே தெரியலை. "அடிச்சியா இல்லையா?"ன்னான் சிப்பாய். காய வெச்சா. மறுபடி மெல்லிசா. காய வெச்சா. மறுபடி. ஒவ்வொரு தடவையும் பச்சை கொஞ்சம் ஆழமாச்சு, மின்னல் மட்டும் உள்ள இருந்து போகவே இல்ல. அக்குள்ல, இடுப்பு மடிப்புல, செதிலுக்கு நடுவுல நீலச் சாயம் கலந்த பிசினைத் தொட்டு இழுத்தா. செதில் விளிம்புல மட்டும் ஒரு நூல் வெள்ளி.

காயுறப்போ தூசு கண்ணுல படக்கூடாதுன்னு சின்னத் துணிக் கிழிசலை அவன் கண்ணுல கட்டி வெச்சிருந்தா. அப்போ சிப்பாய் மெதுவா, "இருட்டா இருக்கும்மா"ன்னான்.

"இருட்டாத்தான் இருக்கும். நீ காவல் வீரன். பழகிக்கோ."

"பயமா இருக்கும்மா."

அவ பிரஷைக் கீழ வெச்சா. "சிப்பாய்க்கு எதுக்குடா பயம்?"

"மத்த சிப்பாய் எல்லாம் கண்ணு முழிக்கும்போதே கவசத்தோட முழிச்சவங்க. உள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. நான் பாத்துட்டேன்ல. கீழ விழுந்தா உடைஞ்சுடுவேன்."

பாரு, கண்ணை முன்னால வெச்சதுக்கு வந்த வினை! அஞ்சலாட்சி துணியை அவிழ்த்து அவனைக் கிட்டத்துல வெச்சுக்கிட்டா. "இதோ பாருடா. அங்க போய் வாயைத் தொறக்காத. நீ பயந்தா எனக்கு முக்காலி. எனக்கு வீட்டுல புள்ள இருக்கு. அது நான் இல்லாம தூங்காது."

சிப்பாய் தூளியைப் பாத்தான். "சரிம்மா. பேச மாட்டேன்"னான்.

"ம்... பேசுவானா?"

கேளு.

சொன்ன நாள் உச்சி வெயில்ல காவலாளி அவளை அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போனான். உள்ள போனா, ராஜா கண்ணைக் கசக்கிக்கிட்டு உக்காந்திருக்காரு. முக்காலியில மூணு வர்ணக்காரங்களும் ஆடிக்கிட்டு இருக்காங்க. பக்கத்துல நாலாவதா ஒரு முக்காலி. காலியா இருந்துச்சு. புதுசாத் துடைச்சு வெச்சிருந்தாங்க.

அஞ்சலாட்சி மடியில இருந்து சிப்பாயை எடுத்து பூரணி முன்னாடி வெச்சா.

பூரணி பாத்தா. இப்படித் திருப்பினா. பச்சை. அப்படித் திருப்பினா. நீலம். சன்னல் வெளிச்சத்துல காட்டினா, மினுமினுமினுன்னு மின்னுச்சு. அவ வாயைத் தொறந்து மூடினா. அப்புறம், "இது என் பொன்வண்டு நிறம்தான்"னா.

முக்காலியில இருந்த ஒருத்தர் கிட்டத்துல வந்து பாத்துட்டு, "எப்படிம்மா அடிச்சே?"ன்னாரு. "பாத்திரம் தேய்ச்சேன்"னா அவ. அவரு திரும்பப் போய் உக்காந்துக்கிட்டாரு.

ராஜாவுக்கு ராத்திரி வரைக்கும் பொறுக்க முடியலை. "இப்பவே படும்மா. இப்பவே பாத்துடலாம்"னாரு. கதவைச் சாத்தினாங்க, சன்னலைச் சாத்தினாங்க, திரையை இழுத்து விட்டாங்க. மத்தியானமே அந்தி மாதிரி இருட்டு. பூரணி படுத்தா. தலைமாட்டுல சிப்பாய், ஈட்டியைப் பிடிச்சுக்கிட்டு நேரா நின்னான்.

அப்போ, சுவத்துல.

ச்சு ச்சு ச்சு.

சிப்பாய் பொறுத்துப் பாத்தான். பாவம், நெசமாவே பொறுத்துப் பாத்தான். ஈட்டி மட்டும் டிக் டிக் டிக்னு கட்டில்ல தட்டுச்சு.

"என்ன சத்தம்?"ன்னா பூரணி.

"ஈட்டி"ன்னான் சிப்பாய்.

"ஏன் தட்டுற?"

"பயமா இருக்கு"ன்னான்.

அஞ்சலாட்சி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. மந்திரி அந்தக் காலி முக்காலியைப் பாத்தாரு. ராஜா அஞ்சலாட்சியைப் பாத்தாரு. "காவலுக்கு வந்தவன் பயப்படுறான்"னாரு. கோவமா இல்ல, அழுற மாதிரி சொன்னாரு.

பூரணி எழுந்து உக்காந்தா. "எதைப் பாத்துப் பயம்?"

"அந்தப் பல்லியைப் பாத்து."

"நீ சிப்பாய். அது உன்னை என்ன பண்ணும்?"

"அது உன் பொன்வண்டைத் தின்னுடுச்சு. நான் பொன்வண்டு நிறத்துல இருக்கேன்"னான் சிப்பாய்.

பூரணி யோசிச்சா. நியாயமாத்தான் இருந்துச்சு. இந்த நிறம் கேட்டது யாரு? அவதான். அவ கேட்டதனாலதான் அவனுக்கு இந்த ஆபத்து. அரண்மனையில எத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தருக்கும் இது தோணலை பாரு.

அப்போ அவ என்ன பண்ணினா, அவனைத் தூக்கி உள்ளங்கையில வெச்சு, விரலை மடக்கி மூடிக்கிட்டா. கட்டைவிரலுக்குப் பக்கத்துல தலையை மட்டும் வெளிய விட்டா, மூச்சு முட்டக் கூடாதுன்னு. அப்புறம் சுவத்தைப் பாத்து, "ஏ பல்லி! கிட்ட வந்தே, பாத்துக்கோ! இங்க நான் இருக்கேன்!"ன்னா.

அது வரைக்கும் பல்லியைப் பாத்து அவ அழுதிருக்கா, கத்தியிருக்கா. பேசினதே இல்ல. பல்லி திகைச்சுப் போய் விளக்கு மாடத்துக்குள்ள போயிடுச்சு.

"போயிடுச்சா?"ன்னான் சிப்பாய்.

"போயிடுச்சு. நீ தூங்கு. நான் கதை சொல்றேன். ஒரு ஊர்ல ஒரு பல்லியாம். அதுக்குப் பல்லே இல்லையாம். அப்புறம்... அது பல்லு வாங்கக் கடைக்குப் போச்சாம். அப்புறம்..."

அப்புறம் ஒண்ணும் இல்ல. தூங்கிட்டா.

நல்லாத் தூங்கிட்டா. புஸ்... புஸ்னு மூச்சு.

"ம்..."

ராஜா மெதுவாக் கிட்ட வந்தாரு. குனிஞ்சு பாத்தாரு. பாத்தா, பூரணி விரல் இடுக்குல இருந்து பச்சையா ஒரு கோடு வழியுது. உள்ளங்கை வேர்வை. பிசின் கரையுது! குப்புலிங்கம் சொன்ன மாதிரியே கரையுது. அஞ்சலாட்சிக்கு உசுரே இல்ல. நிறம் தப்பினா முக்காலின்னு சட்டம். இங்க நிறமே போகுது.

மந்திரி விரலை நீட்டி, "சாயம்..."னு ஆரம்பிச்சாரு.

ராஜா டப்னு அவர் வாயைப் பொத்தினாரு. "மூச்! போனா போகட்டும்"னு காதுல சொன்னாரு. "புள்ள முழிச்சா நீ உக்காரு அந்த முக்காலியில."

அதுக்கு மேல மந்திரி ஏன் பேசுறாரு?

ராஜா எல்லாரையும் பாத்துக் கையாலயே, போங்க போங்கன்னு காட்டினாரு. வர்ணக்காரங்க மூணு பேரும் முக்காலியை விட்டு எழுந்து பூனை மாதிரி நடந்தாங்க. ஒருத்தர் வாசப்படி வரைக்கும்தான் வந்தாரு, அங்கயே படுத்துட்டாரு. மத்தவங்க அவரைத் தாண்டிப் போனாங்க. அஞ்சலாட்சி செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடினா.

வீட்டுக்கு வந்தா, சத்தமே இல்ல. பதறிப் போய் உள்ள பாத்தா, தூளிக் கயித்தைப் பிடிச்சபடி குப்புலிங்கம் கீழ தூங்குறாரு. பாப்பா தூளிக்குள்ள கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு, அவரு விடுற குறட்டையைக் கேட்டுக்கிட்டு இருக்கு. அவளைப் பாத்ததும் ரெண்டு கையையும் நீட்டுச்சு. அவ தூக்கித் தோள்ல போட்டா. அடுத்த நிமிஷம் தூங்கிடுச்சு.

அப்புறம் சாயங்காலம் பூரணி எழுந்து பாத்தா, உள்ளங்கை முழுக்கப் பொன்வண்டு நிறம். சிப்பாய் மார்ல கட்டைவிரல் அளவுக்குப் பச்சை போய், வெள்ளி தெரிஞ்சுது. ராஜா மறுபடி அஞ்சலாட்சிக்கு ஆள் விட்டாரு. அவ இந்தத் தடவை வார்னிஷும் எடுத்துக்கிட்டு வந்தா. பூரணி சிப்பாயைத் தரவே மாட்டேன்னுட்டா. "அது என் விரல் வெக்கிற இடம். அதுல அடிக்கக் கூடாது"ன்னா.

"நீ என்னடா சொல்றே?"ன்னு அஞ்சலாட்சி சிப்பாயைக் கேட்டா.

"வேணாம்மா"ன்னான். "எனக்கு உள்ள மண்ணுன்னு நான் சொல்லிட்டேன், இப்போ இவளுக்கும் தெரியும். அதனால கெட்டியாப் பிடிச்சுக்கிறா."

சரின்னு அவ சுத்தி இருக்கிற இடத்துக்கு மட்டும் வார்னிஷ் அடிச்சுட்டு வந்துட்டா.

"பெரியம்மா..."

என்ன?

"அந்தச் சிப்பாய் தூங்கினானா?"

இல்ல. அஞ்சலாட்சி அவசரத்துல கண்ணை வெச்சாளே தவிர, இமை வெக்க மறந்துட்டா. இமை இல்லாம எப்படித் தூங்குறது? அவன் பூரணி கையில முழிச்சுக்கிட்டே இருப்பான்.

"இருட்டுல பயமா இருக்காதா?"

இருக்காது. அவ புஸ் புஸ்னு மூச்சு விடுறது அவனுக்குக் கேக்கும்ல. அது கேக்குற வரைக்கும் பக்கத்துல ஆள் இருக்குன்னு அர்த்தம். அவன் அதைக் கேட்டுக்கிட்டு நிப்பான். காவலுக்குக் காவலும் ஆச்சு.

அவனுக்குத்தான் இமை இல்ல. உனக்கு ரெண்டு இருக்கு. மூடு.

ம் எங்க?

சாரு?

கட்டைவிரலை விடுடி, பெரியம்மா போய்க் கொசுவத்தி ஏத்தணும். கதவு தாழ்ப்பாள் போட்டேனான்னு வேற பாக்கணும்.

சரி, வெச்சுக்கோ. கதை தூங்கிடுச்சு, நீயும் தூங்கு.